நிலத்தின் வகைமாற்றமும் நகர ஏற்றத்தாழ்வும்: புனோம் பென் நகரை முன்வைத்து

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



சியோலிலும் தைபேயிலும் ஜகார்த்தாவிலும் சீனத்தின் குவாங்டாங் மாகாணத்திலும் திரண்ட மூலதனம், கடந்த முப்பது ஆண்டுகளில் தன் நாட்டு எல்லைகளைக் கடந்து சென்று, ஹோ சி மின் நகரம், ஹனோய், புனோம் பென், ஜோகூர், கொழும்பு ஆகிய இடங்களில் அடுக்குமாடிகளாகவும் துணை நகரங்களாகவும் எழுந்து நிற்கிறது. இதனால் அந்நகரங்களில் ஏழை பணக்காரர் இடைவெளி விரிந்திருக்கிறதா என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் வழக்கில் உள்ளன. அயல்நாட்டுப் பேராசையே எல்லாவற்றுக்கும் காரணம் என்பது ஒன்று. வளர்ச்சி என்றால் சிலர் இடம்பெயரத்தான் வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டுமே வசதியான விடைகள். முதலாவது உள்ளூர் ஆட்சியாளரை விட்டுவிடுகிறது, இரண்டாவது எல்லோரையுமே விட்டுவிடுகிறது.

இச்சொற்பொழிவு முன்வைக்கும் கருத்து வேறு. மனைவணிக நிறுவனம் ஈட்டும் ஆதாயத்தின் பெரும்பகுதி, சிமெண்டும் கம்பியும் வந்து இறங்குவதற்கு முன்பே, நிலத்தின் சட்டநிலையை அரசு மாற்றி எழுதும் நேரத்தில் உருவாகிவிடுகிறது; நகரத்தின் ஏற்றத்தாழ்வும் பெரும்பாலும் அந்த நேரத்திலேயே தீர்மானமாகிறது. அயல்நாட்டு மூலதனம் அதைப் பன்மடங்கு பெருக்குகிறது, ஆனால் தொடங்கி வைப்பது அதுவன்று. இதை விளக்கக் கம்போடியாவின் தலைநகர் புனோம் பென் முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. சொத்துரிமை முற்றாக அழிந்து, ஒரே தலைமுறைக்குள் மறுபடி எழுதப்பட்ட நகரம் அது என்பதால், மற்ற இடங்களில் நூறு ஆண்டுகளில் மெல்ல நடந்தது அங்கே கண்ணெதிரே நடந்தது.

1. ஆவணம் அழிந்த நகரம்

1975 ஏப்ரல் 17 அன்று நகருக்குள் நுழைந்த கெமர் ரூஜ் படையினர், போர் அகதிகளையும் சேர்த்துச் சுமார் 20 லட்சம் பேரை ஊரகப் பகுதிகளுக்குத் துரத்தினார்கள். தனியார் சொத்து ஒழிக்கப்பட்டது, நில ஆவணங்கள் அழிந்தன. 1979இல் கெமர் ரூஜ் ஆட்சி வீழ்ந்த பின் திரும்பி வந்தவர்கள், காலியாகக் கிடந்த வீடுகளிலும் கட்டடங்களிலும் முதலில் வந்தவருக்கு முதல் இடம் என்ற அளவில் குடியேறினார்கள். பழைய உரிமையாளர்களில் பலர் உயிரோடில்லை. உயிரோடிருந்தவர்களின் உரிமையும் ஏற்கப்படவில்லை. 1989இல்தான் குடியிருப்பு நிலத்தில் தனியார் உரிமை மறுபடி அனுமதிக்கப்பட்டது.

2001இல் இயற்றப்பட்ட நிலச் சட்டம் இரண்டு ஏற்பாடுகளைச் செய்தது. அச்சட்டம் வருவதற்கு முன் ஐந்தாண்டுக் காலம் ஒரு நிலத்தை எவருடைய எதிர்ப்புமின்றி, வெளிப்படையாக அனுபவித்து வந்தவர் அதற்கு உரிமைப் பத்திரம் கோரலாம் என்பது முதலாவது. அரசு நிலத்தை இரண்டாகப் பிரித்தது அடுத்தது: ஏரி, ஆறு, சாலை போன்று பொதுப் பயன்பாட்டுக்குரியவை ‘அரசின் பொதுச் சொத்து’, அவற்றை விற்க முடியாது, நீண்ட காலக் குத்தகைக்கும் விட முடியாது. பொதுப் பயன் நீங்கியவை ‘அரசின் தனிச் சொத்து’. அவற்றை விற்கலாம், குத்தகைக்கு விடலாம். தமிழ் வாசகர் அறிந்த சொற்களில் சொன்னால், முதல் வகை நீர்நிலைப் புறம்போக்குக்கு நெருக்கமானது. இரண்டாவது, அரசு தன் விருப்பப்படி ஒப்படை செய்யக்கூடிய தரிசுக்கு நெருக்கமானது. ஒரு வகையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற ஒரு துணை ஆணை, அதாவது நாடாளுமன்றத்துக்குப் போகாமல் அரசே பிறப்பிக்கும் ஆணை, பொது வழக்கில் போதுமானதாயிற்று. இந்தச் சிறு தாளைச் சுற்றியே பின்வருவன அனைத்தும் நிகழ்ந்தன.

2. போங் காக் ஏரி

நகரின் வடபகுதியில் இருந்த போங் காக் ஏரியின் கரையில் சுமார் 4,000 குடும்பங்கள் வாழ்ந்துவந்தன. ஏரி மழைநீரைத் தாங்கியது, கீரை வளர்த்தவருக்கும் மீன் பிடித்தவருக்கும் பிழைப்பைத் தந்தது, கரையோரத்து மலிவு விடுதிகள் வெளிநாட்டு இளம் பயணிகளை ஈர்த்தன. அங்கிருந்தோரில் பலர் சட்டம் கேட்ட ஐந்தாண்டுகளுக்கும் மேலாகவே குடியிருந்தவர்கள். உலக வங்கியின் உதவியோடு 2002இல் தொடங்கிய நில நிர்வாகத் திட்டம் நாடு முழுவதும் உரிமைப் பத்திரங்களை வழங்கி வந்தது. 2006இல் அத்திட்டம் ஏரிப் பகுதிக்கும் வந்தது. ஆனால் குடியிருந்தவர்களின் உரிமைக்கோரிக்கைகள் ஆராயப்படாமலே தள்ளப்பட்டு, 2007 ஜனவரியில் வெளியான பதிவில் அவர்களின் பெயர்கள் இடம்பெறவில்லை. அடுத்த மாதமே நகராட்சி அந்த 133 ஹெக்டேர் பரப்பை ஷுகாகு என்ற நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. அப்போது நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் ஆளுங்கட்சியின் செனட் உறுப்பினர் லாவ் மெங் கின்.

குத்தகைத் தொகை 7.9 கோடி அமெரிக்க டாலர். கேட்பதற்குப் பெரிய தொகைதான். வகுத்துப் பார்த்தால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 59 டாலர், அதாவது ஆண்டொன்றுக்குச் சுமார் 60 சென்ட். தலைநகருக்குள்ளேயே, மூன்று தலைமுறைக் காலத்துக்கு, இந்த விலை. ஏரி அப்போது சட்டப்படி அரசின் பொதுச் சொத்து. எனவே அந்தக் குத்தகையே அடித்தளம் இல்லாதது என்று சட்ட வல்லுநர்கள் சுட்டினார்கள். 2008 ஆகஸ்டில் ஒரு துணை ஆணை ஏரியை அரசின் தனிச் சொத்தாக மாற்றியது. அதே மாதம் ஆற்றுமணலைக் குழாய் வழியே இறைத்து ஏரியைத் தூர்க்கும் பணியும் தொடங்கியது. குத்தகை முதலில், தகுதி பின்னால் என்ற இந்த வரிசையே இவ்விவகாரத்தின் சாரம்; பட்டா மாறாத நிலத்துக்குக் கிரயம் எழுதிவிட்டுப் பிறகு பட்டாவைத் திருத்திக்கொள்வதற்கு ஒப்பானது அது.

தண்ணீர் வெளியேற வழியின்றிக் கரையோர வீடுகளுக்குள் சேறும் மணலும் புகுந்தன. குடும்பங்களின் முன் வைக்கப்பட்ட தெரிவுகள் 8,500 டாலர் இழப்பீடு, அல்லது நகரின் விளிம்பில் ஒரு வீடு, அல்லது அதே இடத்தில் பின்னர் கட்டித் தரப்படும் என்று சொல்லப்பட்ட வீடு. பெரும்பாலோர் முதலாவதை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். 2009இல் பாதிக்கப்பட்டோர் உலக வங்கியின் ஆய்வுக் குழுவிடம் முறையிட்டனர். அதே ஆண்டில் கம்போடிய அரசு நில நிர்வாகத் திட்டத்தையே முடித்துக்கொண்டது. ஆய்வுக் குழு மக்களின் முறையீட்டில் உண்மை இருப்பதாகக் கண்டது. 2011 ஆகஸ்டில், இச்சிக்கல் தீரும்வரை கம்போடியாவுக்குப் புதிய கடன் இல்லை என்று வங்கி அறிவித்தது. அறிவிப்பு வெளியான சில நாட்களுக்குள், ஆகஸ்ட் 11 அன்று, எஞ்சியிருந்த சுமார் 800 குடும்பங்களுக்கு 12.44 ஹெக்டேரை ஒதுக்கித் துணை ஆணை பிறந்தது. நான்காண்டுகள் முடியாதென்று சொல்லப்பட்டது சில நாட்களில் முடிந்தது. ஆனால் அதற்குள் 3,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் கலைந்து போயிருந்தன; வரையறைக்கு வெளியே விடப்பட்ட சில குடும்பங்களுக்காக நடந்த போராட்டத்தில் 2012 மே மாதம் 13 பெண்கள் இரண்டரை ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்று, மேல்முறையீட்டில் அடுத்த மாதம் விடுதலையானார்கள்.

இந்த வரலாற்றில் அயல்நாட்டு நிறுவனம் எங்கே வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சீனாவின் எர்டோஸ் ஹோங்ஜுன் நிறுவனம் ஷுகாகுவோடு பங்காளியாகச் சேர்ந்தது 2010இல். அதற்குள் குத்தகை கையெழுத்தாகிவிட்டது, வகைமாற்றம் முடிந்துவிட்டது, ஏரியின் பெரும்பகுதி மணலாகிவிட்டது. வில்லங்கம் நீக்கப்பட்ட நிலத்துக்கே பெருமூலதனம் வருகிறது. வில்லங்கத்தை நீக்கித் தருவதே உள்ளூர் அதிகாரம் விற்கும் பண்டம். கம்போடிய அரசியல் சட்டப்படி அயலார் நிலம் வாங்க முடியாது என்பதால், இந்த ஏற்பாட்டில் உள்ளூர்ப் பங்காளிக்கு நிலையான இடம் கிடைக்கிறது. பினாமிப் பெயரில் வாங்குவதும் அங்கு வழக்கத்தில் உண்டு.

3. ஒரே நகரில் மூன்று வெளியேற்றங்கள்

அயல்நாட்டு நிறுவனம் என்பதே தீர்மானிக்கும் காரணி என்றால், உள்ளூர் நிறுவனங்கள் மென்மையாக நடந்திருக்க வேண்டும். நடந்தது அதுவன்று. டே க்ராஹோம் குடியிருப்பு 2009 ஜனவரி 24 விடியற்காலையில் இடிக்கப்பட்டது. நிலத்தைப் பெற்றது 7என்ஜி என்ற கம்போடிய நிறுவனம். போரெய் கெய்லாவில் மக்களுக்குப் பத்து அடுக்ககங்கள் கட்டித் தந்து மிச்ச நிலத்தை எடுத்துக்கொள்வதாக ஒப்பந்தம் செய்த பானிமெக்ஸ் என்ற மற்றோர் உள்நாட்டு நிறுவனம் எட்டோடு நிறுத்திக்கொண்டது. வீடு கிடைக்காமல் எஞ்சியவர்களின் குடிசைகள் 2012 ஜனவரி 3 அன்று அகற்றப்பட்டன.

இதே நகரில், டே க்ராஹோமுக்கு அருகிலேயே, எதிர்மாறான ஒரு சான்றும் உண்டு. 1963இல் வான் மொலிவான் தலைமையிலான நகர அமைப்புத் திட்டத்தின் பகுதியாகக் கட்டப்பட்டு ‘வெள்ளைக் கட்டடம்’ எனப் பெயர் பெற்ற நீண்ட அடுக்ககத்தில், 1979க்குப் பின் இசைக் கலைஞர்களும் நடனக் கலைஞர்களும் அரசு ஊழியர்களும் குடியேறி வாழ்ந்தனர். 2017இல் அது இடிக்கப்பட்டபோது புதிய கட்டடம் எழுப்ப முன்வந்தது அரகாவா என்ற ஜப்பானிய நிறுவனம். குடியிருந்த ஏறத்தாழ 490 குடும்பங்கள் உரிமை உடையவர்களாகவே கருதப்பட்டன. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின் சதுர மீட்டருக்கு 1,400 டாலர் இழப்பீடு முடிவாயிற்று. 40 சதுர மீட்டர் வீடு என்றால் 56,000 டாலர். போங் காக் குடும்பத்துக்குக் கிடைத்த 8,500 டாலரோடு இதை ஒப்பிட்டால், பத்தாண்டு இடைவெளியில் நிலவிலை ஏறியதற்கு உரிய கழிவைக் கொடுத்த பிறகும், வேறுபாடு பெரிது. இழப்பீட்டால் அந்தக் கலைஞர் சமூகம் சிதறியது சரியாகிவிடவில்லை. ஆயினும், மேசைக்கு எதிர்ப்புறம் அமர்ந்திருப்பவர் உரிமையாளரா ஆக்கிரமிப்பாளரா என்பதை அரசு முன்கூட்டியே எப்படி எழுதிவைத்திருந்தது என்பதே தொகையை நிர்ணயித்தது. அயல்நாட்டுக் கொடி எங்கே பறந்தது என்பது அல்ல.

4. நகரத்தில் சம்பாதிக்காத வாங்குவோர்

அயல்நாட்டு மூலதனத்துக்கே உரிய விளைவு ஒன்று உண்டு. இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 2010இல் கம்போடியா இயற்றிய சட்டம், அயலார் தரைத்தளத்துக்கு மேற்பட்ட அடுக்கக வீடுகளை, ஒரு கட்டடத்தின் 70 விழுக்காடு அளவு வரை, சொந்தமாக்கிக்கொள்ள அனுமதித்தது. நிலம் கம்போடியருடையதாகவே இருக்க, அதன் மேல் அடுக்கிய பெட்டிகள் உலகச் சந்தைக்கு வந்தன. டாலரே நடைமுறை நாணயமாகப் புழங்கும் நாடு என்பதால் வெளிநாட்டு முதலீட்டாளருக்கு நாணய மாற்று நட்டத்தின் அச்சமும் இல்லை.

விலை என்பது வாங்குபவரின் வருமானத்தைச் சார்ந்தது. வாங்குபவரின் வருமானம் ஷாங்காயிலோ சிங்கப்பூரிலோ பிறக்கும்போது, விலைக்கும் அந்நகரத்துக் கூலிக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிடுகிறது. கம்போடியாவின் முதன்மைத் தொழிலான ஆடைத் தொழிற்சாலைகளில் 2019இல் சட்டப்படியான குறைந்தபட்ச மாதக் கூலி 182 டாலர். அக்காலத்தில் உயர்தர அடுக்ககங்கள் சதுர மீட்டருக்கு 2,000 டாலருக்கு மேல் விலை கூறின. ஒரு சதுர மீட்டருக்கு, உண்ணாமல் உடுக்காமல், பதினோரு மாதக் கூலி. தையல் தொழிலாளி இந்த வீட்டை வாங்கப் போவதில்லை என்பது வெளிப்படை. ஆனால் அவருடைய வாடகை அறை இருக்கும் நிலத்தின் உரிமையாளர், பக்கத்து மனைக்குக் கிடைத்த விலையைக் கேள்விப்படுகிறார். ஏற்றத்தாழ்வு அந்தக் கேள்விப்படுதல் வழியாகவே நகரெங்கும் பரவுகிறது.

சிஹானுக்வில் துறைமுக நகரில் இது உச்சத்தை எட்டியது. 2017 முதல் சீன மூலதனத்தில் சூதாட்ட விடுதிகளும் அடுக்ககங்களும் பெருகி, வாடகை தாங்காமல் உள்ளூர்க் கடைக்காரர்கள் ஊரைவிட்டு நீங்கினர். 2019 ஜூனில் சீன நிறுவனத்துக்குச் சொந்தமான, கட்டி முடியாத அடுக்குமாடி ஒன்று சரிந்து, அதற்குள்ளேயே இரவில் உறங்கிய தொழிலாளர்கள் உட்பட 28 பேர் உயிரிழந்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் இணையச் சூதாட்ட உரிமங்களை அரசு நிறுத்தியதும் பணம் வெளியேறியது. முடிவுபெறாத கட்டடங்கள் மட்டும் தங்கின.

5. நட்டம் யாருடையது

ஆதாயம் நிலத்தின் வகைமாற்றத்தில் முன்கூட்டியே கிடைத்துவிடுவதால், கட்டி முடிப்பதில் நிறுவனங்களுக்கு அவசரம் குறைகிறது. கட்டுவதற்கான பணமோ முன்விற்பனையிலிருந்தும் கடனிலிருந்தும் வருகிறது. எனவே நட்டம் வரும்போது அது தொலைவில் உள்ள சிறு சேமிப்பாளரைத் தாக்குகிறது. புனோம் பென்னில் கொரிய நிறுவனம் தொடங்கிய காம்கோ சிட்டி என்ற துணை நகரத்துக்குப் பெருங்கடன் கொடுத்தது தென் கொரியாவின் பூசான் சேமிப்பு வங்கி. அவ்வங்கி 2011இல் வீழ்ந்தபோது, சுமார் 38,000 பேர் பணத்தை இழந்தனர். அவர்களில் முதியோர் மிகுதி. கம்போடியாவில் முடங்கிய சொத்தை மீட்க, கொரிய வைப்புக் காப்பீட்டுக் கழகம் ஆண்டுக்கணக்கில் வழக்காட நேர்ந்தது. ஏரிக்கரைக் குடும்பமும் பூசானின் முதியவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். நட்டக் கணக்கில் மட்டும் ஒரே பக்கத்தில் நிற்கிறார்கள்.

ஜோகூரின் ஃபாரஸ்ட் சிட்டி இதே வகை. சீனாவின் கண்ட்ரி கார்டன் நிறுவனம், ஜோகூர் அரச குடும்பத்தோடு தொடர்புடைய உள்ளூர் நிறுவனத்தைக் கூட்டாளியாகச் சேர்த்து, கடலைத் தூர்த்து நான்கு தீவுகளில் 7 லட்சம் பேருக்கான நகரை அறிவித்தது. வாங்குவோர் சீன நடுத்தர வகுப்பினர். சீன அரசு பணம் வெளியேறுவதைக் கட்டுப்படுத்தியதும் விற்பனை சரிந்தது. 2023 அக்டோபரில் கண்ட்ரி கார்டன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்தத் தவறியது. மீன்பிடித் தளங்களை இழந்த ஓராங் செலத்தார் பழங்குடியினருக்கு அந்தக் கடல் திரும்பி வரப்போவதில்லை.

6. இக்கருத்தின் எல்லைகள்

ஆவணம் கையில் இருந்தால் போதும் என்று முடிவுகட்டினால் கொழும்பு அதை மறுக்கும். 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் கொம்பனித்தெருவின் மியூஸ் ஒழுங்கையில் இராணுவத்தின் துணையோடு வீடுகள் இடிக்கப்பட்டன. தமிழரும் முஸ்லிம்களும் மலாயரும் சிங்களவரும் கலந்து வாழ்ந்த அப்பகுதியில் காணி உறுதி வைத்திருந்தோர் பலர். உறுதி இருந்தும் தெரிவு இருக்கவில்லை. அவர்களின் நிலம் அயல்நாட்டு, உள்நாட்டு மனைத் திட்டங்களுக்குத் திறந்துவிடப்பட, வேறு பகுதிகளிலிருந்து அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டோரிடமோ, புதிய வீட்டுக்காக ஏறத்தாழ 10 லட்சம் ரூபாய் தவணையாகக் கேட்கப்பட்டது. அருகிலேயே கடலைத் தூர்த்து 269 ஹெக்டேரில் எழுந்த துறைமுக நகரில் வெளியேற்றுவதற்குக் குடியிருப்புகள் இல்லை; எனினும் மணல் அள்ளப்பட்ட நீர்கொழும்புக் கரையின் மீனவர்கள் அதற்கு எதிராகத் தெருவில் இறங்கினர். இராணுவம் நகரத் திட்டமிடலுக்குள் நுழைந்த இடத்தில் உரிமைப் பத்திரம் வெறும் தாளாகச் சுருங்கிவிடுகிறது.

வியட்நாம் மற்றொரு திருத்தத்தைக் கோருகிறது. நிலம் முழுவதும் மக்களின் பொதுவுடைமை என்று கொள்ளும் அந்நாட்டில், 1993இல் தைவான் நிறுவனம் ஒன்றும் ஹோ சி மின் நகர அரசின் நிறுவனமும் 70க்கு 30 என்ற பங்கில் சேர்ந்து, நகரின் தெற்கே ஃபூ மி ஹுங் என்ற பகுதியை உருவாக்கின. 17.8 கிலோமீட்டர் நீளமுள்ள பெருஞ்சாலையைக் கட்டித் தரும் கடமையும் ஒப்பந்தத்தில் இருந்தது. புனோம் பென்னில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைத்தது: விலையேற்றத்தில் பொதுத்துறைக்கு ஒரு பங்கு. ஆனால் அதே நகரில், ஆற்றின் மறுகரையில், உள்நாட்டு அதிகாரிகளே நடத்திய து தியெம் திட்டத்தில் சுமார் 15,000 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. திட்ட எல்லைக்கு வெளியிலிருந்த 4.3 ஹெக்டேரும் சேர்த்தே எடுக்கப்பட்டது என்று 2018இல் அரசின் ஆய்வாளர் குழுவே ஒப்புக்கொண்டது. நல்ல ஒப்பந்தமும் மோசமான கையகப்படுத்தலும் ஒரே நகர நிர்வாகத்திலிருந்து வெளிவர முடியும்.

இவற்றை எல்லாம் கருத்தில் கொண்டு மூன்று கோரிக்கைகள் முன்வைக்கப்படுகின்றன. ஒரு நிலத்தின் வகையை மாற்றும் ஆணை, அதன் மீதான குத்தகைக்கு முன்னரே வெளியிடப்பட்டு, குடியிருப்போரின் மறுப்புக்குக் காலம் தரப்பட வேண்டும். குடியிருப்போரின் உரிமைக் கோரிக்கைகள் விசாரித்து முடிக்கப்படும்வரை அந்த நிலத்தை எவருக்கும், உள்நாட்டவருக்கோ அயலாருக்கோ, ஒப்படைக்கக் கூடாது. வகைமாற்றத்தால் உயரும் விலையில் ஒரு பங்கு நகராட்சிக்கும் வெளியேறுவோருக்கும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.

நகர ஆய்வில் ஈடுபடும் மாணவர்கள், கோபுரங்களின் உயரத்தையும் முதலீட்டுத் தொகையையும் பட்டியலிடுவதற்கு முன், அரசிதழில் வெளியான வகைமாற்ற ஆணைகளைத் தேதி வாரியாகத் தொகுத்து, அவற்றைக் குத்தகை ஒப்பந்தங்களின் தேதிகளோடு ஒட்டிவைத்துப் பார்க்க வேண்டும் என்று இவ்வவையின் வழியே கேட்டுக்கொள்ளப்படுகிறது. போங் காக் ஏரியின் விஷயத்தில் அந்த இரு தேதிகளுக்கும் இடையே ஒன்றரை ஆண்டு இருந்தது, ஒப்பந்தம்தான் முந்தியது.